முழுச் சேதம் என்று எழுதிய மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதுவது. எழுதுவது என்றால் உண்மையாகவே எழுதுவது. என் கை, என் பென்சில். அத்தை பக்கத்தில் இல்லை, அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கடிதத்தின் தொடக்கத்தில் எல்லாருடைய உடம்பையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருக்கிறார். ஆகையால் விசாரிக்கிறேன். உங்கள் உடம்பு, என் மகள் உடம்பு, உங்கள் அம்மாவின் முழங்கால் எல்லாம் சுகம்தானே. இங்கே நானும் அத்தையும் சுகம். ஆறு வாரம் வெளியூர் வேலை என்று எங்கள் பொறுப்பில் நீங்கள் விட்டுப்போன புது வண்டியும் சுகம். தினமும் காலையில் உறையை நீக்கி, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி போர்த்திவிடுகிறேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அத்தை சொல்கிறாள். ஒரு கீறல் கிடையாது. அதைப் பற்றி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம், பதினொரு காரணம், கடைசியில் கோடு போட்டு, "காப்பாற்றத் தகுதியற்றது, முழுச் சேதம்" என்று முடிவு. படித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று. முதல் நாள் மூன்று காரணம் ஓடியது. இரண்டாம் நாள் நான்காவது காரணத்தில் "புத்திசாலித்தனமற்ற" என்ற சொல் வழியை மறித்துப் படுத்துக்கொண்டது. அதைத் தாண்டவே மத்தியானம் ஆகிவிட்டது. தாண்டிப் பார்த்தால் அது என்னைப் பற்றித்தான். மாப்பிள்ளை, எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். எழுபத்திரண்டு வயதில், ஒருவர் என்னைத் திட்டியதை முதல் தடவையாக நானே படித்திருக்கிறேன்.

இதன் அருமை உங்களுக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருஷமாக இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களை அத்தைதான் படித்துச் சொல்வாள். எந்தக் கடிதமாக இருந்தாலும், "மாமாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும்" என்று முடியும். ஊரில் எல்லாருக்கும் நம்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்க வந்ததும் அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். ஒன்றில்கூட யாரும் என்னைக் கேட்கவில்லை. உங்கள் அப்பா என் வாய் நீளத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அத்தையைக் கேட்டேன். "நாப்பத்தாறு வருஷம் தொண்டை வத்தப் படிச்சிருக்கேன். நடுவுல ரெண்டு வரி நல்லதாச் சேத்துக்கற உரிமை எனக்குக் கிடையாதா?" என்றாள். அந்த உரிமையை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். ஆனால் உங்கள் பதினொரு காரணத்துக்கும் பதில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு மேல் கை ஓடாது. ஆகவே பொறுமையாகப் படிக்கவும், நானும் பொறுமையாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வண்டி என் கைக்கு வந்த விதம். நீங்கள் அதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில், தகரக் கூரைக்குக் கீழே அது பத்தொன்பது வருஷமாக நிற்கிறது. வட்ட விளக்கு, பெஞ்சு மாதிரி நீள சீட், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துவதுபோல் ஒரு சத்தம். கீழ்த்தளத்தில் இருந்த டாக்டர் மகளோடு போய் இருந்துகொள்வதற்காக வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போனது. முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. அது கோர்ட்டு ஒட்டிய தாள், தொட்டால் வழக்கு வரும் என்று யாரோ சொல்ல, அதைக் கேட்ட யாரோ இன்னொருவரிடம் சொல்ல, பத்தொன்பது வருஷமாக நான்கு மாடி ஆட்களும் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். துணி உலர்த்தக்கூட அதன்மேல் போட மாட்டார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் மூன்று பத்திரிகை படிப்பவர். அவர்கூட அந்தத் தாளைப் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலிருக்கிறது. நான் அப்படி இல்லை. நான்கு மாதமாக மருந்து அட்டை, சோப்பு உறை, லாரியின் முதுகு எதையும் விடுவதில்லை. போன மாதம் ஒரு நாள் கண்ணாடித் தூசியைத் துடைத்துவிட்டு அந்தத் தாளையும் படித்தேன். டாக்டர் கையெழுத்து மருந்துக் கடைக்காரரைத் தவிர யாருக்கும் புரியாது என்பார்கள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் ஒரே கஷ்டம்தான், அதனால் வித்தியாசம் தெரியவில்லை. அதில் எழுதியிருந்தது இதுதான்: "இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகத் தெம்புள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். சாவி மோட்டார் அறை ஆணியில் தொங்குகிறது."

போய்ப் பார்த்தேன். பத்தொன்பது வருஷக் குடைகளுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் அடியில், அதே ஆணியில், சாவி.

செகரட்டரி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைநாட்டு வைத்துச் சந்தா கட்டியவன் படித்துச் சொல்லித்தானா தனக்கு இது தெரிய வேண்டும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது, அதையும் நான் படித்தேன். அவரே டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டருக்குத் தொண்ணூறு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். "அது இன்னும் அங்கேயா நிக்குது? ஓட்டத் தெரிஞ்சவன் எடுத்துக்கட்டும்னுதானே எழுதி ஒட்டுனேன்" என்று சிரித்தாராம். உடனே செகரட்டரி வீம்புக்கு ஒரு கெடு வைத்தார். "தாள்ல இருக்கற மாதிரியே நடக்கட்டும். அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள அது தன்னாலயே கேட்டைத் தாண்டணும். தள்ளக்கூடாது, கட்டி இழுக்கக்கூடாது. தாண்டலேன்னா பதினோரு மணிக்குக் காயலான் கடையிலேர்ந்து கிரேன் வரும்." சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் வண்டியை விட வந்த அன்று இதையும் பார்த்துச் சொல்லும்படி உங்களைக் கேட்டது அத்தைதான், நான் அல்ல. என்னை யாராவது தடுத்தால் தேவலை என்று அவள் நினைத்தாள்.

இனி உங்கள் காரணங்கள். நீங்கள் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, சரி செய்யலாமா, முழுச் சேதமா என்று எழுதிக் கொடுப்பது உங்கள் தொழில். நான் நாற்பத்தோரு வருஷம் டிங்கர். முழுச் சேதம் என்று எழுதப்பட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்தியது என் தொழில். நீங்கள் பார்த்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு சுற்று நடந்தீர்கள், பேனாவால் இரண்டு இடத்தில் குத்தினீர்கள், கைக்குட்டையால் பேனாவைத் துடைத்தீர்கள். ஒரு தடவைகூடக் குனியவில்லை. மாப்பிள்ளை, பழைய வண்டி பிழைக்குமா பிழைக்காதா என்பது மேலே எழுதியிருக்காது, அடியில்தான் எழுதியிருக்கும். தரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, கால் வைத்தால் உள்ளே போகும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. நான் வைத்தேன், போயிற்று. முழங்கால் வரை போய்ப் பாதம் தரையைத் தொட்டது. அரை மணி நேரம் ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் பூமியிலுமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்துவிட்டு, "இறங்கிட்டா சொல்லுங்க, டம்ளரை எடுத்துக்கறேன்" என்று போனாள். அதனால் என்ன? தரை என்பது வெறும் தகரம், வெட்டிப் போட்டு வேறு வைக்கலாம். வண்டியின் முதுகெலும்பு சேசிஸ். நான் முதுகைத் தரையில் போட்டுக்கொண்டு, முன்னிலிருந்து பின் வரை சாணுக்குச் சாண் சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும். துரு தின்ற இரும்பு இருமல்காரன் மாதிரி பேசும். இது முழுக்க மணி. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் லேசான தொண்டைக் கட்டு. இதற்கா முழுச் சேதம் என்று எழுதினீர்கள்? இந்தக் கணக்குப்படி பார்த்தால் என்னைப் பற்றியும் நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள். உங்கள் ஏழாவது காரணமே "மாமாவின் வயது" என்பதுதானே.

ஆறாவது காரணம் பாகங்கள் கிடைக்காது என்பது. கிடைக்க வேண்டாம், எதுவும் தொலையவில்லையே. கோர்ட்டுக்குப் பயந்து ஒருத்தரும் ஒரு திருகாணியைக்கூடத் திருடவில்லை. விளக்கு வளையம், பெயர்ப் பட்டை, சிகரெட் சாம்பல் டப்பா எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எட்டாவது காரணம், இவ்வளவு பாடுபட்டு விற்றாலும் போட்ட பணம்கூட வராது என்பது. யார் விற்கப் போகிறார்கள்?

இப்போது ஒன்று சொல்கிறேன். இதை அத்தையிடமும் சொல்லவில்லை. சேசிஸைத் தட்டி முடித்து, இடது பக்க முன் மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினேன். பழைய பழக்கம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தடவினால்தான் யார் வேலை, நெளிவை மறைக்கப் பட்டிப் பசை பூசி ஏமாற்றியிருக்கிறானா, ஒழுங்காகத் தட்டி நிமிர்த்தியிருக்கிறானா என்று தெரியும். விரல்களுக்குக் கீழே மூன்று புள்ளி. வரிசையாக, சுத்தியல் முனையால் வைத்தது. நான் வைத்தது. எங்கள் பட்டறையில் வேலை முடிந்ததும் அவனவன் உள்பக்கம் ஆணியால் பெயரைக் கீறி வைக்க வேண்டும், குறை வந்தால் ஆளைக் கண்டுபிடிக்க. எனக்கு எழுதத் தெரியாது. "நீ மூணு புள்ளி வை, போ" என்றார் முதலாளி. மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் என் மூன்று புள்ளி. எத்தனையோ வண்டிக்கு வைத்தேன். எல்லாம் எங்கே போயிற்றோ, எந்தக் காயலான் கடையில் உருகிற்றோ. இது ஒன்று வீட்டுக்குப் பின்னாலேயே பத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறது. நான் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போய் மோட்டார் போட்டிருக்கிறேன். எழுதத் தெரியாத காலத்தில் நான் போட்ட கையெழுத்து என்று இந்த உலகத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் மாப்பிள்ளை. அதைக் கிரேனில் தூக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்கள். மாட்டேன். ரப்பரால் அழிக்க முடியாதபடி அழுத்தி எழுதியிருக்கிறேன், பின்பக்கம் தடவிப் பாருங்கள். மாட்டேன்.

இதை எழுதும்போது கடிதம் தொடங்கி ஒன்பது நாள் ஆகிவிட்டது. இதற்குள் இன்ஜின் விஷயமும் முன்னேறியிருக்கிறது. இன்ஜின் இறுகிவிட்டது, அசையவே அசையாது என்பது உங்கள் இரண்டாவது காரணம். என் பழைய கூட்டாளி இன்ஜின் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கரிக்கை என்று கூப்பிடுவோம், அவர் சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். அவர் வந்து பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு, தினமும் வந்து டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். ஆறு நாள் ஒன்றும் இல்லை. "கல்லுல நார் உரிக்கறீங்க" என்று செகரட்டரி மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார். ஏழாம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. கரிக்கை என்னைக் கட்டிக்கொண்டார். என் புதுச் சட்டை போயிற்று. மூன்று நாள் கழித்து முழுச் சுற்றுச் சுற்றியது. பெட்ரோல் டாங்கி துருப்பிடித்துப் போனதால் ஒரு பிளாஸ்டிக் கேனைப் பானெட்டுக்குள் கட்டி, அதிலிருந்து குழாய் விட்டிருக்கிறோம். பேட்டரி எங்கள் வாத்தியார் வீட்டிலிருந்து கடன். வாத்தியார் என்றால் நூலகத்தில் மத்தியானம் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தருபவர், பஸ் கண்டக்டராக இருந்தவர். இன்றும் பாடம் முடிந்தால் விசில் அடித்துத்தான் எங்களை வெளியே விடுவார்.

நேற்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினேன். முதலில் ஒரு இருமல். பிறகு இரண்டு. பிறகு புகை. மூன்றாவது மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாம்பல் நிறம் ஆயின. அதற்குப் பிறகு அது ஓடியது மாப்பிள்ளை. சும்மா இல்லை, சீராக ஓடியது. பத்தொன்பது வருஷத்துப் பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் பேசுவதுபோல் ஓடியது. செகரட்டரி மாடியிலிருந்து இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அத்தை மட்டும் கிட்டே வந்து பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தாள். "சூடா இருக்கு" என்றாள். உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

மிச்சம் உங்கள் பதினோராவது காரணம். "பிரேக் அறவே இல்லை." இல்லைதான். அதற்கு வேண்டிய ரப்பர் அடுத்த வாரம் வரும். கை பிரேக்கை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நகராத வண்டியைக் குறை சொல்பவர் நிற்காது என்று எப்படிக் குறை சொல்லலாம்? இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடட்டும், நிற்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். கேட்டைத் தாண்டினால் போதும் என்பதுதான் பந்தயம், தாண்டி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் ஓட்டப் போகிறேன். பட்டறைக்குள் முன்னும் பின்னுமாகப் பத்தடி பத்தடியாக நாற்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் கூட்டினால் எத்தனையோ மைல் வரும்.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு ஞாயிறு. உங்கள் வண்டியைப் பற்றி மறுபடி சொல்கிறேன், கவலை வேண்டாம். பழைய வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது பக்கத்தில் உரசிவிடக் கூடாது என்று காலையிலேயே உங்கள் வண்டியைப் பத்திரமாகக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய், எதிர்ச் சுவர் ஓரமாக, நிழலில் நிறுத்திவிடப் போகிறோம். வாத்தியாருக்கு ஓட்டத் தெரியும். ஒரு தூசிகூட விழாது.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் பதினொரு காரணத்தையும் படித்தேன், ஒன்றையும் ஏற்கவில்லை. உங்கள் உதவியும் எனக்கு வேண்டியதில்லை, உங்கள் அனுமதியும் வேண்டியதில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் எழுதியிருந்தால் அது என் பென்சிலின் குற்றம். நீங்களும் என் மகளும் நூறு வருஷம் சண்டையும் சமாதானமுமாக நன்றாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் முழங்கால் படியேறட்டும். உங்கள் அப்பாவிடம், என் வாய் நீளத்தைப் பற்றி அவர் எழுதியதை இருபது வருஷம் கழித்து இப்போதுதான் படித்தேன், ரசித்தேன் என்று சொல்லவும். உங்களை ரொம்பக் கேட்டதாக அத்தை சொல்லச் சொன்னாள். இது அவளே சொன்னது, நான் சேர்த்ததில்லை.

இப்படிக்கு, தன் கையாலேயே கையெழுத்திடும்,
மாமா

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. உறையை ஒட்டுவதற்குள் சில விஷயங்கள் நடந்துவிட்டன.

ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு வாத்தியார் இரண்டு விசில் கொடுத்து, "போலாம் ரைட்" என்றார். வண்டி கிளம்பியது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. நான்கு மாடியும் கைதட்ட, கேட்டைத் தாண்டியது. தாண்டியதும் வாத்தியார் ஒரு விசில் கொடுத்தார். முப்பது வருஷம் அந்த ஒரு விசிலுக்கு எல்லா வண்டியும் நின்றிருக்கிறது. இது நிற்கவில்லை. பத்தடி ஓட்டிப் பழகியவனுக்குப் பதினோராவது அடியில் என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரு குறுகல். எதிர்ச் சுவர் ஓரமாக, நிழலில், பத்திரமாக இருந்தது எது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே யாரும் இல்லை, யாருக்கும் அடி இல்லை. எனக்கு நெற்றியில் ஒரு கொழுக்கட்டை அளவு வீக்கம், அவ்வளவுதான். உங்கள் வண்டிதான் எங்களுக்குப் பிரேக்காக இருந்து காப்பாற்றியது.

பழைய வண்டிக்கு ஒரு விளக்கு வளையம் நெளிந்திருக்கிறது. உங்கள் வண்டியைத் தட்டிப் பார்த்தேன். மணியும் இல்லை, இருமலும் இல்லை, பாதி இடம் பிளாஸ்டிக். பதினோரு மணிக்கு வந்த கிரேன்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் வண்டிக்குச் சங்கிலி மாட்டத் தொடங்கினார். நானும் செகரட்டரியும் சேர்ந்துதான் தடுத்தோம். செகரட்டரி, "தாண்டிடுச்சு, ஒத்துக்கறேன். வண்டி உங்களோடதுதான்" என்றார். 

பதினோராவது காரணத்தை மட்டும் ஏற்கிறேன். மற்ற பத்தும் தப்புதான். மேலே உதவி வேண்டாம் என்று எழுதியதை ரப்பரால் அழித்துப் பார்த்தேன், தாள் கிழியும் போலிருக்கிறது. அதனால் அது அப்படியே இருக்கட்டும், நீங்கள் இன்சூரன்ஸ் தாள்களோடு உடனே புறப்பட்டு வரவும். அத்தை நேற்றே மகளுக்குப் போன் செய்து, லேசான உரசல் என்று சொல்லிவிட்டாள். அவள் எப்படிச் சொல்வாள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஒரு கதவை மட்டும் நானே கழற்றி, நேற்று மத்தியானம் முதல் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடது பக்க முன் கதவு. நன்றாக நிமிர்ந்துவிட்டது, ஒரு பொட்டுப் பட்டி வைக்கவில்லை. முடிந்ததும் பழக்கத்தில் மூன்று புள்ளி வைக்கக் கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன். ஆணியை எடுத்து, உள்பக்கம், என் பெயரை முழுசாக எழுதினேன். அரை மணி நேரம் ஆயிற்று. அத்தை படித்துப் பார்த்தாள், இந்தத் தடவை எதையும் சேர்க்கவில்லை. ஆகையால் மாப்பிள்ளை, மற்றதை எல்லாம் முழுச் சேதம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் தொழிலில் நான் தலையிட மாட்டேன். அந்தக் கதவை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.